புழுக்காரியின் செருப்பு

என் நாத்தனார் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டு, நான் உண்மையைச் சொன்னால், முதலில் சிரிப்பார்கள். பிறகு அரை அடி தள்ளி நிற்பார்கள். அவள் புழு வளர்க்கிறாள். பட்டுப்புழு இல்லை, அதுவாவது துணியாகும். மண்புழுவும் இல்லை, அதுவாவது உரமாகும். இது நூற்புழு. கண்ணுக்கே தெரியாது. தக்காளிச் செடியின் வேருக்குள் புகுந்து, அங்கேயே குடித்தனம் போட்டு, வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைத்து, செடியை நின்ற இடத்திலேயே வாட்டி எடுக்கிற சனியன். தக்காளி போடுகிற அத்தனை பேரும் அதை எப்படி ஒழிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அது வயிறாரச் சாப்பிடுகிறதா, வம்சம் பெருகுகிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஊருக்கு வெளியே, பெரிய சாலையை ஒட்டி ஒரு விதைக் கம்பெனி இருக்கிறது. புதுப்புதுத் தக்காளி ரகங்களை உருவாக்கி விதை விற்பது அவர்கள் தொழில். தொட்டி கழுவும் வேலைக்குத்தான் இவள் அங்கே போனாள். புழுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அந்த இடத்துக்கு வர யாரும் தயாராக இல்லை. இவள் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குக் குடுங்க. ரெண்டு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கிட்டேன். புழு என்ன, எதிர்த்தா பேசப் போகுது?" என்றாளாம்.

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அவளுடைய கணவர், தையல்காரர். பேச்சே கிடையாது. வாயில் எப்போதும் ஊசியைக் கவ்விக்கொண்டிருப்பதால் வந்த பழக்கம் என்று இவள் சொல்வாள். அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து இவள் பேசுவாள். வீட்டில் பேசி மிச்சமிருப்பதைப் புழுக்களிடம் பேசுவாள். கம்பெனியில் அவளுக்குப் புழு அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

புழுவை எதற்காக வளர்க்க வேண்டும் என்று நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புழு தாங்கற தக்காளின்னு சொல்லி விக்கறாங்களே, தாங்குதா இல்லையான்னு எப்படித் தெரியும் அண்ணி? புழுவை விட்டுத்தானே பாக்கணும்? நோஞ்சான் புழுவை விட்டா எந்தச் செடியும் தாங்கும். என் புழுவைத் தாங்கட்டும், அப்புறம் பேசலாம்."

அவளுடைய தொட்டிகளில் பாவப்பட்ட பழைய ரகத் தக்காளிதான் நிற்கும். அதன் வேரில் புழு நன்றாகப் பெருகியதும் செடியைப் பிடுங்கி, வேரைத் தண்ணீரில் அலசி, துண்டு துண்டாக வெட்டி, ஒரு பாட்டிலில் பிளீச்சிங் தண்ணீரோடு போட்டுக் குலுக்குவாள். முட்டைகள் பிரிந்து வரும். அவற்றைச் சல்லடையில் பிடித்து, கழுவி, புது ரக நாற்றுகளின் வேரடியில் ஊற்றுவாள். சில வாரங்கள் கழித்து அந்த நாற்றுகளையும் பிடுங்கிப் பார்ப்பாள். முடிச்சு இருந்தால் அந்த ரகம் தோல்வி. வேர் சுத்தமாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் பக்கத்திலேயே ஒரு பழைய ரகத்தையும் வைத்திருப்பாள். அதில் முடிச்சு கொத்துக் கொத்தாக விழுந்தால்தான் அவள் முகம் மலரும். புழு உயிரோடும் பசியோடும் இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அங்கே நல்ல முடிச்சு விழுந்த வேரை ஆளுக்கு ஆள் கையில் வாங்கிப் பாராட்டுவார்களாம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வேண்டியிருக்கும். அந்தக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். முதல் கதவுக்கு வெளியே ஒரு அலமாரி. வீட்டிலிருந்து போட்டுவந்த செருப்பை அதில் கழற்றி வைக்க வேண்டும். இரண்டு கதவுகளுக்கும் நடுவே மருந்துத் தண்ணீர்த் தட்டு. அதில் காலை முக்கி எடுத்து, அங்கேயே கிடக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்த ரப்பர் செருப்பு அந்தக் கதவைத் தாண்டாது. வெளியே வரும்போது மறுபடி தட்டு, சோப்பு, தண்ணீர். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை கால் கழுவுவாள். தன் புழு வெளியே போய்விடக் கூடாது என்பதில் அவளுக்கு அவ்வளவு கண்டிப்பு.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றி. அவளுடைய ஒரே அண்ணன். அப்பா விட்டுப்போன வயலில் தக்காளி போடுகிறார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு எண்ணம் தலைக்குள் போய்விட்டால் கடப்பாரை போட்டாலும் பெயராது. தங்கையும் அதே அச்சு. விடுமுறை நாள் வந்தால் அவள் இந்த வயலில்தான் இருப்பாள். களை எடுப்பாள், பழம் பறிப்பாள், எதுவும் இல்லாவிட்டால் வரப்பில் உட்கார்ந்து அண்ணனை வம்புக்கு இழுப்பாள். நடை பழகியதே அந்த மண்ணில்தான் என்று சொல்லிக்கொள்வாள்.

ஒரு வருடம் தக்காளி சரியாக வரவில்லை. தண்ணீர் விட்டும் நடுப்பகலில் இலைகள் தொங்கின. காய் கோலிக்குண்டு அளவில் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் உரம் போட்டார், மருந்து அடித்தார், வானத்தைத் திட்டினார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் ஒரு செடியைப் பிடித்து வேரோடு இழுத்தார். வேரா அது? இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்துக் கிடந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் நின்ற நாத்தனார் அந்த வேரைக் கையில் வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலை செய்கிற இடத்துப் பேச்சு, அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"அடடா, முடிச்சு எவ்வளவு அழகா விழுந்திருக்கு!"

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை வந்தது வந்ததுதான். என் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார். நீல வார் போட்ட அவளுடைய செருப்பை மெதுவாகப் பார்த்தார்.

"இதுல வந்திருக்கு," என்றார்.

"எது?"

"உன் புழு. அங்க மிதிச்சுட்டு இங்க வந்து உதறுற."

அவள் எவ்வளவோ சொன்னாள். இரண்டு கதவைச் சொன்னாள், மருந்துத் தட்டைச் சொன்னாள், ரப்பர் செருப்பைச் சொன்னாள். புழு வருவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, நாற்றோடு வரலாம், மண்வெட்டியோடு வரலாம், சேறு ஒட்டிய சக்கரத்தோடு வரலாம் என்றாள். அவர் காதில் ஏறவில்லை. முடிச்சை வேரில் பார்த்த மனிதர், அதைக் கொண்டுபோய்த் தங்கையின் செருப்போடு முடிச்சுப் போட்டுவிட்டார்.

"இனிமே இந்த வயல்ல கால் வைக்காத. புழுக்காரிக்கு இங்க வேலை இல்ல."

"என்னங்க பேச்சு இது?" என்று நான் குறுக்கே போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வரப்பேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், போனாள், என்னோடு சிரித்தாள், என் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். அண்ணன் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். விடுமுறை நாளில் வயல் பக்கமும் வருவாள். ஆனால் வேலிக்கு வெளியே, சாலையில் நிற்பாள். செருப்பைத் தூரத்து மரத்தடியில் விட்டுவிட்டு, வெயிலில் காய்ந்த சரளைக் கல்லில் வெறுங்காலோடு நிற்பாள். "கால் சுடலையாடி?" என்று கேட்டால், "சுடட்டும். நாளைக்கு வேலி வழியா காத்துல வந்துச்சுன்னு சொல்லக் கூடாதில்ல," என்பாள். அவளுக்கு வேலை போனால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அந்த வயலுக்குள் தன்னை மறுபடி அண்ணன் வாயாலேயே கூப்பிட வைக்க வேண்டும். அதுதான் அவளுக்கு ஒரே குறி.

ஒருநாள் வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சட்டென்று கேட்டாள்.

"அண்ணி, தக்காளிக்கு நடுவுல நீங்க கொஞ்சம் மிளகாய் வெச்சீங்களே, அது எப்படி இருக்கு?"

"அதுக்கு என்ன, கொத்துக் கொத்தாக் காய்க்குது. கண்ணு வெச்சிராத."

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டி அந்த மிளகாய்ச் செடிகளைப் பார்த்தாள்.

"ஒரு செடியைப் பிடுங்கிட்டு வாங்க."

"எதுக்குடி? காய்க்கற செடியை யாராவது பிடுங்குவாங்களா?"

"பிடுங்குங்க அண்ணி!"

வயிறெரிந்துகொண்டே பிடுங்கினேன். வேர் சன்னமாக, சுத்தமாக இருந்தது. வேலிக்கு மேல் நீட்டினேன். அதைப் பார்த்ததும் அவள் சாலையிலேயே ஒரு குதி குதித்தாள். அந்தப் பக்கம் சைக்கிளில் போனவர் விழப் பார்த்தார்.

பிறகுதான் எனக்கு விளக்கினாள். நூற்புழுவில் பல வகை உண்டாம். அவள் வளர்க்கும் வகை தக்காளியைத் தின்னும், மிளகாயையும் விடாது. இன்னொரு வகை இருக்கிறது. அது தக்காளியை ஒருகை பார்க்கும், மிளகாயைப் பெரும்பாலும் தொடாது. எங்கள் வயலில் தக்காளிக்கு நடுவிலேயே நின்ற மிளகாயின் வேர் சுத்தமாக இருந்தது. ஆகவே இது அவளுடைய புழு இல்லை. வேறு எங்கிருந்தோ வந்த, வேறு குலம், வேறு கோத்திரம்.

நான் ஓட்டமும் நடையுமாகப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மிளகாய் வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"காரம் தாங்காம ஓடியிருக்கும்," என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த மிளகாயை அப்படியே அவர் தட்டில் வைத்திருப்பேன்.

நாத்தனார் அதைக் கேட்டுச் சிரித்தாள், ஆனால் அவள் புத்தி அதற்குள் அடுத்த இடத்துக்குப் போயிருந்தது. குற்றம் தன்மேல் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. அண்ணனுடைய தக்காளி பிழைக்க வேண்டும். கம்பெனியில் புழு தாங்குகிற ரகம் ஒன்று இருந்தது. அவளுடைய புழுவிடம் பரீட்சை எழுதித் தேறிய ரகம். ஆனால் எங்கள் வயல் புழு வேறு வகை என்றால், அதையும் அது தாங்குமா? அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வயல் மண் வேண்டும். என் வீட்டுக்காரரிடம் கேட்டால் மண்ணா தருவார்?

நான்தான் கொண்டுபோனேன். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன டப்பாவில், அவர் சாப்பிட்டு முடித்ததும், செடியடி மண்ணையும் வேரையும் அள்ளிப் போட்டு மூடினேன். "டப்பா என்ன கனக்குது?" என்று எடுத்துக் கொடுக்கும்போது கேட்டார். "நீங்க மிச்சம் வெச்சது," என்றேன். அந்த டப்பாவை அதற்குப் பிறகு வெந்நீரில் எத்தனை முறை கழுவினேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அதில் நான் சாப்பிடுவதில்லை, அவருக்குத்தான் கட்டுகிறேன்.

கம்பெனி வாசலில் ரகம் உருவாக்குகிற அம்மா நின்றிருந்தார். எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாத டாக்டர். வெளி மண்ணைப் புழுக் கூடத்துக்குள் விட முடியாது என்பதால், அதற்கென்று தனி அறை ஒதுக்கியிருந்தார். "ரெண்டு புழுவையும் ஒரே இடத்துல வெச்சா சம்பந்தி சண்டை வந்துடும்," என்று என் நாத்தனார் சொல்ல, அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மைக்ராஸ்கோப்பில் எனக்கு ஒரு முட்டையைக் காட்டினார்கள். கண்ணாடிபோன்ற முட்டைக்குள் ஒரு குட்டிப் புழு எட்டுப் போட்டாற்போல் மடிந்து நெளிந்துகொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்திய பெரிய மனிதர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

டாக்டரம்மாதான் அந்தத் தக்காளியின் கதையைச் சொன்னார். "தூர தேசத்து மலைப் பக்கத்துல காட்டுத் தக்காளி ஒண்ணு இருக்கு. பழுத்தாலும் பச்சையாவே இருக்கும், வாயில வைக்க முடியாது. ஆனா அது உடம்புல இந்தப் புழுவை எதிர்க்கற மரபணு ஒண்ணு இருந்துச்சு. அதையும் நம்ம தக்காளியையும் சேர்த்தா சேரவே மாட்டேங்குது. பிஞ்சுலயே விதை செத்துப்போகுது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ பொறுமையா உட்கார்ந்து, சாகறதுக்குள்ள அந்தக் கருவை மட்டும் வெளிய எடுத்து, கண்ணாடிக் குழாய்ல ஊட்டி வளர்த்துட்டாங்க. அங்கிருந்து தலைமுறை தலைமுறையா நல்ல தக்காளியோட திரும்பத் திரும்பச் சேர்த்து, பழம் நம்ம பழமாவும் வேர் காட்டு வேராவும் ஆக்கினது."

"அப்ப புழு உள்ளேயே வராதா?" என்று கேட்டேன்.

இதற்கு நாத்தனார் முந்திக்கொண்டாள். "வரும் அண்ணி. வர்றதை அது தடுக்காது. உள்ள வந்து, இடம் பாத்து உட்கார்ந்து, வாயை வெக்கும் பாருங்க, அந்த இடத்தைச் சுத்தி இருக்கற வேர் தானாவே செத்துடும். தட்டு போட்டாச்சு, சோறு வராது. புழு பட்டினி கிடந்தே போய்ச் சேர்ந்துடும்."

"நான் புதுசா வந்தப்ப உங்க அம்மா எனக்குச் செஞ்ச மாதிரியா?"

"எங்க அம்மா அந்த ஜாதித் தக்காளி இல்ல. நீங்கதான் பட்டினி கிடக்காம உள்ள இருந்ததை எல்லாம் சாப்பிட்டீங்களே."

சில வாரங்கள் போயின. ஒரு மாலை அவள் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் புயல் மாதிரி வந்தாள். எங்கள் வயல் மண்ணில் வைத்த பழைய ரகம் முழுக்க முடிச்சு. அதே மண்ணில் வைத்த புது ரகம் சுத்தம். மிளகாயும் சுத்தம். அவள் என் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது, நான் கவலைப்படவில்லை.

இனி என் பங்கு. இன்னொரு வருடம் இப்படிப் போனால் வயலை லாரி நிறுத்தும் இடமாக விட்டுவிடப் போவதாக என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்திருந்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். "பாதி வயல்ல உங்க இஷ்டப்படி பழைய ரகம் போடுங்க. மீதிப் பாதில நான் சொல்றதைப் போடணும். அதுல குனிஞ்சு வேலை செஞ்ச முதுகு என்னோடதும்தான்."

"யார் குடுக்கற நாத்து?"

"உங்க தங்கச்சி குடுக்கறது."

அவர் நெடுநேரம் கையைக் கழுவினார். "அவ செடி வரட்டும்," என்றார். "அவ வரக் கூடாது."

செடி வந்தது. பாதிக்குப் பாதி நட்டோம். நடுவில் ஒரு கயிறு. முதலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் வளர்ந்தன. "ரெண்டும் ஒண்ணுதான்," என்று அவர் தினமும் என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டில் ஒரு டில்லர் இருக்கிறது, உழும் இயந்திரம். அது அவருடைய செல்லப்பிள்ளை. ஊரில் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாமல் கொடுப்பார். போகும், யார் வயல் சேற்றையோ பூசிக்கொண்டு வரும், மறுநாள் நேராக எங்கள் வயலில் இறங்கும். ஒரு காலை நான் பின்பக்கம் போனபோது அவர் தரையில் உட்கார்ந்து அந்த டில்லரின் சக்கரத்தையும் கத்திகளையும் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "துருப் பிடிக்குது," என்றார். அடுத்த வாரம் இரவல் கேட்டு வந்தவரிடம், "கழுவித் தர்றேன், கழுவிக் கொண்டுவா," என்று சொன்னது காதில் விழுந்தது.

பூ வைக்கும் சமயத்தில் வெயில் கொளுத்த ஆரம்பித்தது. நாத்தனார் வேலையிலிருந்து நேராக ஓடிவந்து வேலிக்கு வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது. அண்ணன் பத்தடி தூரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் நான்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. மண்ணு இருபத்தெட்டு டிகிரிக்கு மேல சூடாவே கிடந்தா புழுவை எதிர்க்கற அந்தக் குணம் தூங்கிடும். அப்புறம் புது ரகமும் பழைய ரகமும் ஒண்ணுதான். வைக்கோல் பரப்பச் சொல்லுங்க. இன்னிக்கே."

நான் திரும்பினேன். "ஏங்க, வைக்கோல்..."

"எனக்குக் காது இருக்கு," என்றார் அவர். "அவகிட்ட சொல்லு, அவ ரகம் தூங்குமூஞ்சி ரகம்னு."

"அண்ணி, சொல்லுங்க, வெயில்ல யாருக்கும்தான் புத்தி வேலை செய்யாது, சிலருக்கு நிழல்லயும்..."

"போதும்!" என்று நான் இருவரையும் பார்த்துக் கத்தினேன். நடுவில் நின்று தூது போக நான் என்ன தபால்காரியா?

அன்று சாயங்காலமே அவர் வைக்கோல் பரப்பினார். இரண்டு பக்கமும். "ஒரு பக்கம் மட்டும் போட்டா வைக்கோலாலதான் பொழைச்சுதுன்னு ஆகிடும்," என்றார். கையை மண்ணில் வைத்து வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே போனார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவரும் அந்தச் செடி ஜெயிக்க வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

காய்ப்பு வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பழைய ரகம் மதியமானால் தலையைத் தொங்கப்போட்டது. இந்தப் பக்கம் செடிகள் விறைப்பாக நின்று, குச்சி முறியும் அளவுக்குக் காய்த்துத் தள்ளின. பறித்துப் பறித்து எனக்குக் கை ஓய்ந்தது. சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டில்லர் இரவல் வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவர்கள் வயல்களிலும் அதே முடிச்சு. இந்தப் பாதி எப்படித் தப்பித்தது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கடைசிப் பறிப்பு முடியட்டும், வேரைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

செடி பிடுங்கும் நாள் வந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வரப்பில் நின்றார்கள். நாத்தனார் வேலிக்கு வெளியே, வெறுங்காலோடு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்றாள்.

என் வீட்டுக்காரர் முதலில் பழைய ரகத்தில் ஒன்றைப் பிடுங்கினார். முடிச்சு. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கயிற்றைத் தாண்டி வந்து புது ரகத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தார். எளிதில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது வேர், வெள்ளைத் தாடி மாதிரி அடர்ந்து தொங்கியது. வரப்பில் நின்றவர்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அவர் நம்பவில்லை. அடுத்த செடி. அதுவும் வெள்ளை. அதற்கடுத்தது. பிறகு நடுவரிசையில் ஒன்று, மூலையில் ஒன்று. மனிதர் பிடுங்கிக்கொண்டே போனார், எதிலாவது ஒன்றாவது இருக்கும் என்பதுபோல. கடைசியில் ஒன்று அகப்பட்டது. வேரின் நடுவில் கறுப்பாக ஒரு கட்டி.

"இதோ!" என்று தூக்கிக் காட்டினார். "இதோ, முடிச்சு!"

வேலிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. இந்த முறை அண்ணியிடம் சொல்லச் சொல்லவில்லை. "குடு, பாக்கலாம்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு வேலிவரை நடந்துபோய், செடியை அவளிடம் நீட்டினார். அவள் அந்தக் கட்டியைத் தொடவில்லை, வாதாடவும் இல்லை. பாட்டில் மூடியைத் திறந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினாள். கட்டி கரைந்தது. சேறாகி ஒழுகித் தரையில் விழுந்தது. கீழே இருந்த வேர் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

"மண்ணுதாண்ணா," என்றாள். "உன் வயல் மண்ணு."

வரப்பில் யாரோ கைதட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்த வேரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேரிலிருந்து ஒழுகிய தண்ணீர் விழுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே அவள் கால் இருந்தது. சரளைக் கல் பட்டுப் பட்டு வெடித்து, வெயிலில் கறுத்த வெறுங்கால். அன்றைக்கு அவள் செருப்பைப் பார்த்தாரே, அதே மாதிரிதான் இப்போது அவள் காலைப் பார்த்தார். ஆனால் அவர் முகம் வேறாக இருந்தது.

"செருப்பு எங்க?" என்று கேட்டார்.

"அந்த மரத்தடில."

"போய்ப் போட்டுட்டு வா."

"எதுக்கு?"

அவர் வேலிப் படலில் கை வைத்தார். "உள்ள வர்றதுக்குத்தான். செருப்போடயே வா."

அவள் நகரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி ஓடினாள். நடுத்தர வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பட்டப்பகலில் சாலையில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. நீல வார்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணன் வேலிப் படலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, டப்டப் என்று சத்தம் எழ, எல்லோரும் பார்க்க, வயலின் நடுவே நடந்துபோனாள்.

புது ரகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய், பிடுங்கிப் போட்டிருந்த பழைய செடி ஒன்றைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, இங்க வந்து பாரேன். முடிச்சு எவ்வளவு அழகா விழுந்திருக்கு!"

வரப்பில் நின்றவர்கள் எல்லோரும் அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

என் வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்று, அந்த வேரைக் கையில் வாங்கி, அவளைப் போலவே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விழாதா பின்னே?" என்றார். "டில்லர்ல ஏத்தி, ஊரெல்லாம் சுத்திக் கொண்டாந்து, நானே வளர்த்ததாச்சே."